குழந்தைகளை வதைக்கும் கீமோதெரபி வாய்ப்புண்: தடுக்க உதவும் சிவப்பு விளக்கு
விண்வெளியில் செடி வளர்க்க செய்யப்பட்டது

புற்றுநோய்க்கு சிகிச்சை பெறும் குழந்தைகளை பாடாய்ப்படுத்தும் வாய்ப்புண்ணை, ஊசி மருந்து இல்லாமல் வெறும் ஒளியைக் காட்டியே குறைக்கும் முறை வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் பயன்பாட்டில் உள்ளது. அதன் விவரம் வருமாறு:-

ஏன் வருகிறது?

கீமோதெரபி மருந்து வேகமாகப் பெருகும் செல்களை அழிக்கும். புற்றுநோய் செல் மட்டும் அல்ல, வாயின் உள்தோலும் வேகமாகப் பெருகுவதுதான். அதனால் அதுவும் சேர்ந்து அடி வாங்குகிறது.

மருந்து ஏறிய 5 முதல் 10 நாட்களுக்குள் வாய் சிவந்து புண்ணாகும். மெதோட்ரெக்சேட், மெல்பாலன் போன்ற மருந்துகளிலும், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையிலும் தொல்லை அதிகம். குழந்தைக்கு எச்சில் கூட விழுங்க முடியாது. சாப்பாடு இறங்காமல் எடை குறையும். புண் வழியே கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. அடுத்த தவணை மருந்தும் தள்ளிப்போகும்.

உருளைக்கிழங்கு வளர்த்த விளக்கு

விண்வெளியில் செடி வளர்க்க 'நாசா' உதவியுடன் எல்.இ.டி. விளக்குகள் தயாரிக்கப்பட்டன. 1995-ல் கொலம்பியா விண்கலத்தில் உருளைக்கிழங்கு வளர்க்கும் சோதனையும் நடந்தது. இந்த விளக்கைத்தான் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில டாக்டர் ஹாரி வீலன் குழுவினர் வைத்தியத்துக்கு கொண்டு வந்தனர்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்ற 32 இளம் நோயாளிகளின் இடது கன்னத்தில், வெளிப்புறமாக, தினமும் 670 நானோமீட்டர் சிவப்பு ஒளி காட்டப்பட்டது. 2002-ல் முடிவு வெளியானது. வழக்கமாக 70 முதல் 90 சதவீதம் பேருக்கு வரும் புண், இவர்களில் 53 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. சுமார் 7-வது நாளில், ஒளி படாத தொண்டையின் வலியோடு ஒப்பிட்டால் ஒளி பட்ட கன்னத்தில் வலி 48 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆனால் இது சிறிய ஆய்வு. ஒளி காட்டாத இன்னொரு குழுவை உடன் வைத்து ஒப்பிடவில்லை. பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளே நம்பிக்கையை உறுதியாக்கின. 2018-ல் இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு இம்முறைக்கு ஆதரவு அளித்தது. குழந்தைகளுக்கான 2021 சர்வதேச வழிகாட்டுதலும், ஸ்டெம்செல் மாற்று மற்றும் தலை, கழுத்து கதிர்வீச்சு சிகிச்சைக்கு இதை பரிந்துரைக்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

ஒளியை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் செல்லுக்கு சக்தி கூடி, வீக்கம் தணிந்து புண் ஆறுகிறது என்று விஞ்ஞானிகள் விளக்குகிறார்கள். சூடு கிடையாது, வலியும் கிடையாது. கண்ணில் படாமல் இருக்க கண்ணாடி அணிய வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு

வீட்டு டார்ச்சையோ, கடையில் விற்கும் சிவப்பு விளக்கையோ காட்டிப் பார்ப்பது வேண்டாம். அளவும் இடமும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கட்டி உள்ள இடத்தில் ஒளி படலாமா என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

மிருதுவான பிரஷ்சால் பல் துலக்கி, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைக்கலாம். காரம், புளிப்பு, சுடச்சுட உணவு கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, தண்ணீர் கூட இறங்காவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு கொண்டு செல்ல வேண்டும்.