நிறுத்துப் பார்க்க இயலாத நலம்

நாவலப்பிட்டிக்குப் புகையிரதப் பாதை வந்தது 1874ஆம் ஆண்டில். சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து மேல்வகுப்புப் படிக்க இந்நகருக்கு இறங்கி வரும் பிள்ளைகள் பலர். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறம்பாகவே நின்றன; 1970களிலேதான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. இத்தகைய பிள்ளைகளின் நலங் கருதிச் செய்யப்படும் எப்பணியும் எமக்கு அருமையானதே. ஆயினும், அது நலந் தந்ததா என்பதை எவ்வாறு அறிவது?

உடலைப் பொறுத்தவரை வழியுண்டு. முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரங்களில் நடைபெறும் மருத்துவப் பரிசோதனையிலே பிள்ளையின் உயரமும் நிறையும் குறிக்கப்படுகின்றன. மூவாண்டுக்கு ஒரு முறை அதே பிள்ளையைக் காண்பதால் வளர்ச்சி புலனாகிறது. மனத்துக்கு அத்தகைய தராசு ஏது? பிள்ளைகளையே கேட்டால் போதாதா என்பீர்கள். போதாது என்பதற்கு ஒரு வரலாறு சான்று.

அமெரிக்காவில், மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ், சமர்வில் என்னும் நகரங்களில், றிச்சட் கபொட் என்ற மருத்துவர் வகுத்த திட்டம் 1939இல் ஆரம்பமாயிற்று. 506 சிறுவர்கள் இருவர் இருவராக இணைக்கப்பட்டனர். நாணயத்தைச் சுண்டி, இருவரில் ஒருவனுக்கு மட்டும் உதவி வழங்கினர். ஆலோசகர் வீடு தேடிச் சென்றனர். பாடத்தில் துணை புரிந்தனர். கோடை முகாம்களுக்கும் அனுப்பினர். உதவி சராசரியாக ஐந்தரை ஆண்டுகள் நீடித்தது. இதைவிட அன்பான ஏற்பாட்டை எவர்தான் எண்ணுவார்?

முப்பதாண்டுகளின் பின் ஜோன் மக்கோட் அம்மையார் அவர்களைத் தேடினார். உதவி பெற்றோரில் மூன்றில் இரு பங்கினர் திட்டம் தமக்குப் பயன்பட்டதென்றே கூறினர். ஆனால் நீதிமன்றம், மருத்துவமனை, மரணப் பதிவு ஆகியவற்றின் ஏடுகள் வேறு கதை கூறின. மதுவுக்கு அடிமையாதல், மனநோய், இளவயது மரணம் ஆகியன உதவி பெற்றோரிடமே மிகுந்திருந்தன. இணையாக நிறுத்திய மற்றவன் இல்லாதிருந்தால் இது எவர் கண்ணுக்கும் பட்டிராது. 1978இல் இம்முடிவு வெளியாயிற்று. மீண்டும் மீண்டும் முகாமுக்குச் சென்றவர்களிடமே தீங்கு கூடுதலாய் இருந்ததெனப் பின்னைய ஆய்வு காட்டியது. குறும்பரை ஒன்றுகூட்டினால் குறும்பு வளரும் என்று எந்த ஆசிரியரும் அறிவார்!

நம் நாட்டிலும் இத்தகைய சோதனை நடந்ததுண்டு. வடக்கில் போரால் பாதிக்கப்பட்ட 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகளிடம், பாடசாலையிலேயே ஐந்து வாரங்களில் 15 அமர்வுகள் நடத்திப் பார்த்தனர். அதன் முடிவு 2012இல் வெளியாயிற்று. நடத்தைக் கோளாறு குறைந்தது. ஆனால் போரதிர்ச்சியின் அறிகுறிகள், உதவி பெற்ற சிறுமியரைவிடக் காத்திருந்த சிறுமியரிடமே கூடுதலாகத் தணிந்தன. மூன்று மாதங்களின் பின்னரும் அளந்தனர் என்பது போற்றற்குரியது. எனினும் மூன்று மாதம் எங்கே, முப்பதாண்டு எங்கே!

மலையகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏழாம் தரத்தில் அளந்த பிள்ளை பத்தாம் தரத்தில் அங்கே இருப்பதில்லை. சிலர் கொழும்பிலே கடைச் சிப்பந்திகளாகவும் வீட்டுப் பணியாளராகவும் போய்விடுகின்றனர். வகுப்பில் எஞ்சியோரை மட்டும் எண்ணினால் எந்தத் திட்டமும் வெற்றியாகவே தோன்றும். நாவலப்பிட்டி நிலையத்தில் புகையிரதம் ஏறிப் போன பிள்ளைகளையும் தேடிக் கண்டு கேட்டால்தான் அந்தக் கணக்கு நிறைவுறும்.