வேலை போன அன்று

உத்தியோகத்தில் சேருவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஊரில் ஆயிரம் பேர் உண்டு. விண்ணப்பம் எழுதித் தருவார்கள். யாரைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று காதோடு சொல்வார்கள். நல்ல நாளும் பார்த்துக் கொடுப்பார்கள். சீட்டுக் கிழிந்தால் படி இறங்குவது எப்படி என்று சொல்லத்தான் ஆள் கிடையாது. அந்தப் பாடத்தைத் தப்பாகப் படித்தவன் நான். எனக்கு வெகு காலத்துக்கு முன்னால் அதையே பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் படித்த ஒரு பெரிய நாவலாசிரியர் இருந்தார். அவர் சேலத்துக்காரர். மாம்பழத்துச் சேலம் அல்ல. அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கடற்கரையில் இருக்கும் சேலம்.

நதானியல் ஹாதார்ன் 1804-இல் அங்கே பிறந்தார். அந்தத் துறைமுகத்துக்கும் நம் நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவுக்குப் போன முதல் யானை என்று சொல்லப்படுவது கல்கத்தாவில் கப்பலேறி, 1796-இல் நியூயார்க்கில் இறங்கியது. அந்தக் கப்பலில் வேலை பார்த்தவர்களில் ஹாதார்னின் தகப்பனாரும் ஒருவர். வழியில் யானைக்குக் கீரை ஏற்றியதைக்கூடக் குறிப்பேட்டில் எழுதி வைத்த மனிதர்.

மகன் காலத்தில் துறைமுகம் ஓய்ந்துவிட்டது. 1819-இல் கட்டிய சுங்கச் சாவடி மட்டும் கம்பீரமாக நின்றது. 1846-இல் அங்கே ஹாதார்னுக்கு ஸர்வேயர் உத்தியோகம் கிடைத்தது. வருஷத்துக்கு 1,200 டாலர் சம்பளம். கதை எழுதி வயிறு வளர்க்க முடியாது என்று கண்டுகொண்ட குடும்பஸ்தருக்கு அது பெரிய தொகைதான். ஆனால் நாற்காலி கிடைத்ததும் பேனா தூங்கப் போய்விட்டது.

அந்தக் காலத்து அமெரிக்காவில் ஆட்சி மாறினால் தபாலாபீஸ் வரைக்கும் ஆள் மாறும். 1848 தேர்தலில் விக் கட்சியைச் சேர்ந்த டெய்லர் ஜெயித்தார். ஹாதார்னோ ஜனநாயகக் கட்சியாரின் தயவில் வந்தவர். 1849 ஜூன் மாதம் தந்தி வந்தது: வேலை போயிற்று!

அவர் வாயை மூடிக்கொண்டு போய்விடவில்லை. உள்ளூர் விக் கட்சிக்காரர்கள், முன்னாள் பாதிரியாரான அப்ஹாம் என்பவர் தலைமையில், அவர் கட்சி எழுத்தாளர் என்றும், சாவடியில் நடந்த முறைகேடுகளுக்குத் துணைபோனவர் என்றும் புகார் சொன்னார்கள். ஹாதார்ன் மறுத்து எழுதினார். நண்பர்களும் எழுதினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. கூடப் படித்த கவிஞர் லாங்ஃபெல்லோவுக்கு எழுதிய கடிதத்தில், தன்னை வெளியேற்றினால் ஒன்றிரண்டு பேரையாவது பேனாவுக்குப் பலி கொடுப்பேன் என்று கறுவினார். அந்த ஜூலை 31-ஆம் தேதி அவருடைய தாயார் காலமானார். இரண்டு மாதத்துக்குள் உத்தியோகமும் போயிற்று, தாயும் போனாள்.

மனைவி ஸோஃபியாவைப் பற்றிக் குடும்பத்தார் பின்னாளில் ஒரு சம்பவம் எழுதி வைத்தார்கள். வேலை போய் வந்த புருஷனிடம் அவள், "நல்லதாயிற்று, இனி உங்கள் புத்தகத்தை எழுதலாம்" என்ற பாவனையில் பேசி, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் காட்டினாளாம். விளக்குக் கூண்டுகளில் சித்திரம் எழுதி விற்றும் அவள் குடும்பத்தைத் தாங்கினாள். அஞ்சறைப் பெட்டியில் காசு சேர்க்கும் வித்தை நம் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் தெரிந்ததல்ல.

அவர் உட்கார்ந்து எழுதினார். 1850 மார்ச்சில் 'ஸ்கார்லெட் லெட்டர்' வெளிவந்தது. முதல் பதிப்பு 2,500 பிரதிகள் பத்தே நாளில் தீர்ந்தன. சீட்டைக் கிழித்தவர்கள், தங்களை அறியாமல் அமெரிக்க இலக்கியத்துக்குச் செய்த உபகாரம் இது.

இதுவரைக்கும் சரியான பாடம். தப்பானது அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் இருக்கிறது. தம்மைத் தலை வெட்டுண்ட அதிகாரி என்று கேலி செய்துகொண்டது அழகுதான். ஆனால் சாவடியில் கூட இருந்த ஒரு கிழட்டு இன்ஸ்பெக்டரை, எத்தனையோ வருஷத்துக்கு முந்திய விருந்துகளின் ருசியைத் தவிர வேறு நினைப்பே இல்லாத ஜந்துவாக அதில் தீட்டிவிட்டார். ஊர் கொதித்தது. இரண்டாம் பதிப்பில் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற மறுத்தார். சீட்டுக் கிழித்தது வாஷிங்டன். அடி வாங்கியதோ பக்கத்து நாற்காலிக் கிழவர்!

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இருபத்து நாலு வயதில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு சாயங்காலம், நாளை முதல் வரவேண்டாம் என்றார்கள். கோபத்தில் அலமாரிச் சாவியைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு எழுதிய முதல் கதையில், எங்கள் தலைமைக் குமாஸ்தாவை மூக்குப்பொடியும் கொட்டாவியுமாக நிறுத்திச் சிரிக்க வைத்தேன். அவரா என்னை அனுப்பினார்? முதலாளியைப் பற்றி எழுதத் துணிவில்லை, அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்துக் கோயில் வாசலில் அவரைச் சந்தித்தேன். "கதை படிச்சேம்ப்பா, பொடி டப்பாவை அப்படியே எழுதியிருக்கே" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தச் சாவி உன்கிட்டயா இருக்கு? பூட்டை உடைச்சதுக்கு என் சம்பளத்திலே பிடிச்சாங்க" என்றார். மறுநாள் சாவியும் பணமுமாக அவர் வீட்டுக்குப் போனேன். சாவியை வாங்கிக்கொண்டார்; பணத்தைத் தொடவில்லை.

ஹாதார்னுக்கும் ஒரு கணக்குப் பாக்கி இருந்தது. வேலை போன சமயத்தில் ஹில்லர்ட் என்ற நண்பர் பலரிடம் பணம் திரட்டி அனுப்பியிருந்தார். அதை வாங்கிக்கொள்ள அவருக்கு அவமானம், ஆனாலும் வாங்கிக்கொண்டார். 1853-இல் அவருக்கு லிவர்பூலில் அமெரிக்க கான்ஸல் பதவி கிடைத்தது. சம்பாத்தியம் வந்த அந்த வருஷமே கடனை வட்டியோடு திருப்பி அனுப்பினார். யாரும் கேட்கவில்லை, அவர் மறக்கவில்லை.

அந்தக் கிழட்டு இன்ஸ்பெக்டருக்கு அவர் பட்ட கடன் மட்டும் தீரவில்லை. என் கதையும் அப்படித்தான். சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம். அச்சேறியதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?