திபெத்–பர்மிய மொழிகளின் உறவும் கணினிக் கணக்கும்

ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழிகள் அளவாய்வில் மூன்றாம் தொகுதி முழுவதும் திபெத்–பர்மிய மொழிகளுக்கு உரியது. 1903க்கும் 1909க்கும் இடையே மூன்று பகுதிகளாக அது வெளிவந்தது. இமயச் சரிவிலும் வடகிழக்கு மலைகளிலும் பேசப்படும் மொழிகளை ஒரே குடும்பமாகத் திரட்டிக் காட்டிய பெருமை அதற்கு உண்டு. அந்தக் குடும்பத்துக்குள் யார் யாருக்கு நெருங்கிய உறவு என்ற கேள்விக்கோ இன்றுவரை முழு விடை கிடைக்கவில்லை. ‘நாகா மொழிகள்’ என்ற தலைப்பையே எடுத்துக்கொள்ளலாம். நாகாலாந்தின் கொன்யாக் மொழி, போடோவுக்கும் காரோவுக்கும் நெருங்கி நிற்கிறது. அதே மாநிலத்து அங்காமி வேறொரு கிளை. மக்களின் பெயர் ஒன்றாக இருப்பதால் மொழிக் கிளையும் ஒன்றாகிவிடாது.

பால் பெனடிக்ட் 1972இல் வெளியிட்ட நூலும், பெர்க்லியில் ஜேம்ஸ் மாட்டிசாஃப் 1987இல் தொடங்கிய சொற்பிறப்பு அகராதித் திட்டமும் மூலமொழிச் சொற்களை மீட்டமைப்பதில் பெரும்பாதை போட்டன. ஆயினும் கிளைகளின் படிநிலை உறுதிப்படவில்லை. அடிமரம் எது, பெருங்கிளைகள் எவை என்று தெரியாத நிலையில் தரையில் உதிர்ந்த இலைகளை மட்டுமே எண்ண முடியும் என்றார் மொழியியலாளர் ஜார்ஜ் வான் டிரீம். இந்த இடத்தில்தான் கணினி உள்ளே வந்தது.

கணினிக்குத் தருவது என்ன? உறுப்புகள், எண்கள், நெருப்பு, நீர் போன்ற அடிப்படைப் பொருள்களுக்கான சொற்பட்டியல். ‘மூன்று’ என்பதற்கு எழுத்துத் திபெத்தியத்தில் க்ஸும், பர்மிய எழுத்துவழக்கில் சும், மிசோவில் பதும், மெய்தெயில் அஹும், காரோவில் கித்தம். இவை ஓரினச் சொற்கள் என்பதில் அறிஞரிடையே ஐயமில்லை. ஆனால் திபெத்தியச் சொல்லையும் மிசோச் சொல்லையும் ரோமன் எழுத்தில் எழுதி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், கடைசி இரண்டு எழுத்துகளே ஒத்துவரும். மிசோவின் ‘ப’வும் மெய்தெயின் ‘அ’வும் முன்னொட்டுகள். அவற்றை விலக்கத் தெரியாத நிரல், உடன்பிறந்த சொற்களை அந்நியமாக்கிவிடும். மறுபுறம், பர்மியத்தில் ‘ஐந்து’, ‘மீன்’ இரண்டும் ‘ங:’ என்றே ஒலிக்கும். திபெத்தியத்தில் ஐந்து ‘ல்ங’, மீன் ‘ஞ’. வெறும் ஒலி ஒற்றுமையை நம்பினால் இங்கே மீனும் ஐந்தும் குழம்பும்.

ஆகவே நல்ல நிரல்கள் ஒற்றுமையைத் தேடுவதில்லை; ஒழுங்கைத் தேடுகின்றன. காரோவில் ஞாயிறு ‘சால்’, நெருப்பு ‘வால்’. மியான்மரின் காச்சின் பகுதியில் பேசப்படும் ஜிங்போவில் அவை ‘ஜான்’, ‘வான்’. அங்கே ல் வரும் இடத்தில் இங்கே ன் வருகிறது. அதைவிட முக்கியமான செய்தி வேறு. நெருப்புக்குத் திபெத்தியத்தில் மே, பர்மியத்தில் மீ, மிசோவில் மேய், மெய்தெயில் மை என்று குடும்பம் முழுதும் ஒரே வேர் ஓட, காரோவும் ஜிங்போவும் அதைக் கைவிட்டுப் புதிய சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றன. பழையதைச் சேர்ந்து காப்பது உறவுக்குச் சான்றாகாது. புதியதைச் சேர்ந்து படைப்பதே சான்று. காரோ மலையில் களப்பணி செய்த ராபின்ஸ் பர்லிங் 1983இல் இந்தத் தடத்தைப் பிடித்தே, ஞாயிற்றுச் சொல்லின் பெயரால் ‘சால் மொழிகள்’ என்ற கிளையை முன்மொழிந்தார். அதற்கு அவருக்குக் கணினி தேவைப்படவில்லை.

கணினி தேவைப்படுவது, ஐம்பது நூறு மொழிகளை ஒருசேர எடைபோடும்போது. ஓரினச் சொற்களின் ஒவ்வொரு தொகுதியும் ஒரு மொழியில் உண்டென்றால் 1, இல்லையென்றால் 0 என்று அட்டவணையாகிறது. சொற்கள் தோன்றி மறையும் போக்குக்கு ஒரு நிகழ்தகவு மாதிரி அமைத்து, நிரல் பல்லாயிரம் மரங்களை வரைந்து பார்க்கிறது. ஒரு கிளை அவற்றில் எத்தனை விழுக்காட்டு மரங்களில் தென்படுகிறதோ அதுவே அதன் நம்பகம். காலத்தைக் கணிக்க ஆண்டு தெரிந்த பழைய எழுத்துச் சான்றுகள் முளைக்குச்சிகளாகின்றன. பர்மியத்தின் தொன்மையைச் சொல்ல, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாகனில் நான்கு மொழிகளில் பொறிக்கப்பட்ட மியாசேதிக் கல்வெட்டு இருப்பதைப் போல.

2019இல் இரண்டு ஆய்வுகள் இந்த வழியில் வெளிவந்தன. மெங்ஹான் ஜாங் குழு 109 மொழிகளைக் கொண்டு, சீனமும் உள்ளிட்ட பெருங்குடும்பம் பிரியத் தொடங்கியது சுமார் 5,900 ஆண்டுகளுக்கு முன் என்றது. லோரான் சகார் குழு 50 மொழிகளைக் கொண்டு சுமார் 7,200 என்றது. இரண்டும் தாயகத்தை வடசீனத்தில் வைக்கின்றன. தினை விளைவித்த உழவர்களோடு இணைக்கின்றன. சீனக் கிளை முதலில் பிரிந்தது என்கின்றன. 1,300 ஆண்டு இடைவெளியைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. ஜாங் குழுவின் பிழைவரம்பு 4,200 முதல் 7,800 வரை நீள்வது. சகார் குழுவின் விடை அதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் எந்தச் சொல் எந்தச் சொல்லின் உறவு, எது கடன் என்ற தீர்ப்பு மனிதருடையது. அது பிழைத்தால் நூறு விழுக்காடு நம்பகத்தோடு பிழையான மரமே வரும். 1992இல் இந்திய அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்ற மெய்தெய் மொழியின் கிளையே இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்றால், அருணாசலத்தின் சிறு மொழிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே குறை நிரலில் இல்லை. நம்பத்தக்க சொற்பட்டியல்கள்தான் போதவில்லை.

இது நமக்கும் பொருந்தும். 2018இல் விஷ்ணுப்பிரியா கொலிப்பாக்கம் குழு இதே முறையில் 20 திராவிட மொழிகளை ஆராய்ந்து, குடும்பத்தின் வயது சுமார் 4,500 ஆண்டு என்று கணித்தது. அந்தக் கணக்கைச் செம்மைப்படுத்த வேண்டுமானால் நீலகிரியின் இருளர், குறும்பர் பேச்சுகளை வட்டார வேறுபாடுகளோடு ஒலிப்பதிவு செய்தாக வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த பொறியியல் மாணவரும், மலையேறிச் சொல் கேட்கும் மொழியியல் மாணவரும் ஒரே மேசையில் அமர நம் பல்கலைக்கழகங்கள் வழிசெய்யட்டும். பேசுவோர் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.