வீடு தருவதாக வந்தவர்கள்

பாசிசம் என்றதும் நம் பிள்ளைகளின் நினைவில் எழுவது ஹிட்லரின் முகமே. அச்சொல் பிறந்த இத்தாலியையும், லிபியாவில் நம் சகோதரர்களுக்கு அது இழைத்ததையும் அவர்கள் அறியார்.

முசோலினியின் கட்சிப் பாடலுக்குப் பெயரே ‘இளமை’ என்பதாகும். 1926இல் பலில்லா என்னும் அமைப்பை நிறுவி, சிறுவர்களுக்குச் சீருடை, விளையாட்டு, அணிவகுப்பு, கோடை முகாம் ஆகியவற்றை அவரது ஆட்சி வழங்கியது. கடலையே கண்டிராத ஏழைச் சிறுவனுக்குக் கடலைக் காட்டிய ஆட்சியை அவன் எவ்வாறு வெறுப்பான்?

அதே ஆட்சிதான் 1930இல் கிழக்கு லிபியாவின் ஏறத்தாழ 1,00,000 மக்களை அவர்தம் நிலங்களிலிருந்து பெயர்த்து, முள்வேலி முகாம்களில் அடைத்தது. பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மாண்டனர். நம்மைப் போன்றே சிறுவர்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த உமர் முக்தார் (ரஹ்) அவர்கள், முதிர்ந்த வயதில், 1931 செப்டம்பர் 16 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். ஆறாண்டுகளுக்குள் அதே முசோலினி திரிப்போலியில் ‘இஸ்லாத்தின் வாள்’ என்று ஒன்றை ஏந்திக் குதிரைமீது காட்சி தந்தார்!

இவற்றை இத்தாலிய இளைஞர் எங்ஙனம் அறிவர்? உமர் முக்தாரைப் பற்றிய 1981ஆம் ஆண்டுத் திரைப்படம் அந்நாட்டில் தடை செய்யப்பட்டு, 2009இல்தான் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது.

அதற்குள், 2003 டிசம்பரில், ரோம் நகரில் காலியாகக் கிடந்த அரசுக் கட்டடம் ஒன்றைச் சிலர் கைப்பற்றிக் குடியேறினர். காசாபவுண்ட் என்பது அவ்வியக்கத்தின் பெயர். தன் வீட்டைத் தானே சுமக்கும் ஆமை அதன் சின்னம். தங்களைப் பாசிசவாதிகள் என்று கூறிக்கொள்ள அவர்கள் கூசவில்லை. ஆயினும் இளைஞரை இழுத்தது அப்பெயர் மட்டுமன்று. வாடகைக் கொடுமையைப் பற்றிய பேச்சு, ராக் இசை, குத்துச்சண்டை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தோழமை. 2006இல் மாணவர் பிரிவும் தோன்றியது. (இரவெல்லாம் கைபேசியோடு தனித்திருக்கும் பிள்ளை நம் வீடுகளிலும் உண்டு. அவனுக்குத் தோழமை தருபவர் யார் என நாம் கேட்பதில்லை.)

இயக்கத்தின் பெயர் எஸ்ரா பவுண்ட் என்னும் அமெரிக்கக் கவிஞரைக் குறிப்பது. அவர் வட்டியைக் கடுமையாகச் சாடியவர். இதைக் கேட்டால் நமக்கும் தலையசைக்கத் தோன்றும். அவர்தாம் போர்க்காலத்தில் முசோலினியின் வானொலியில் அமர்ந்து யூதர்களைத் தூற்றியவர். வட்டிக்கு எதிரான அவரது கோபம் ஓர் இனத்தின்மீதான வெறுப்பாக முடிந்தது. இவ்வியக்கமும் அவ்வாறே. உணவுப் பொட்டலம் கொடுத்தார்கள், ஆனால் இத்தாலியருக்கு மட்டும்; வீடு கேட்டார்கள், அதுவும் இத்தாலியருக்கே.

2011 டிசம்பர் 13 அன்று ஃபுளோரன்ஸ் நகரச் சந்தையில் செனகல் நாட்டுத் தெருவணிகர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர் அவ்வியக்கத்தின் அனுதாபி. அவருடைய செயலுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று இயக்கத்தார் கூறிவிட்டனர்.