அண்டி ஆபீசில் வெந்த கைகள்

நாஞ்சில் நாட்டு நெல்வயல்களைத் தாண்டி மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் முந்திரி ஆலைக்கு ஊர்வாயில் 'அண்டி ஆபீஸ்' என்றுதான் பேர். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துவிட வேண்டாம். வறுத்துச் சாம்பலில் புரட்டிய கொட்டைக் குவியல், முன்னால் ஒரு கல், கையில் ஒரு தடி, தரையில் வரிசையாகப் பெண்கள். அவ்வளவுதான்.

கொல்லாமரம் என்கிற முந்திரி மரம் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு பிரேசிலிலிருந்து வந்தது. 1920களிலும் 30களிலும் கொல்லத்தில் ஆலைகள் பெருகி, பருப்பு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அப்போது குமரியும் திருவிதாங்கூரின் பகுதி. 1956 நவம்பர் 1இல் நடுவே மாநில எல்லை விழுந்தது. கேரளத்தில் சங்கமும் கூலியும் வலுத்தபோது, கொல்லத்து முதலாளிகள் பலர் கொட்டையை எல்லைக்கு இந்தப்பக்கம் அனுப்பி உடைத்து வாங்கினார்கள். கூலி குறைவு, கொட்டையின் குணம் மட்டும் மாறவில்லை.

அந்தக் குணம் தோட்டில் இருக்கிறது. இரண்டு அடுக்குத் தோட்டுக்கு நடுவே தேன்கூடு போன்ற அறைகள், அவை நிறைய பழுப்பு எண்ணெய். அதில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம், கூடவே கார்டால். சூட்டில் அமிலம் கார்டனாலாக மாறிக் கடுமை கொஞ்சம் தணியும், ஒழியாது. உடைப்பவரின் விரல்கள் கறுக்கும், தோல் வெடித்து உரியும். சாம்பலும் தேங்காயெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும்தான் கவசம். கொல்லத்து ஆலைகளின் வரலாற்றை ஆராய்ந்த அன்னா லிண்ட்பெர்க், உடைப்பில் தலித் பெண்களும், தோலுரிப்பில் ஈழவரும், தரம் பிரிப்பில் நாயர் பெண்களும் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். எண்ணெயும் சாதி பார்த்தே கையில் ஒட்டியது என்று சொன்னால் மிகையில்லை.

எண்ணெய் பட்டு வெந்துபோவது ஒன்று, ஒவ்வாமை வேறொன்று. முதலாவது யாருக்கும் வரும். இரண்டாவது, உடம்பு ஒருமுறை 'அறிமுகம்' ஆனபின், அடுத்த முறை துளி பட்டாலும் ஓரிரு நாள் கழித்து அரித்துக் கொப்பளிப்பது. ஏன் இந்தத் தாமதம்? விடையின் பெரும்பகுதி நியூயார்க்கில் கிடைத்தது. இரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்து நோபல் வாங்கிய கார்ல் லாண்ட்ஸ்டைனரின் ராக்பெல்லர் ஆய்வகத்தில் 1932இல் சேர்ந்தவர் மெரில் சேஸ். இந்த வகை ஒவ்வாமையை ஒரு கினிப்பன்றியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற இருவரும் முயன்றார்கள். சீரம் செலுத்தினால் பலனில்லை. உயிருள்ள வெள்ளணுக்களைச் செலுத்தியதும் ஒவ்வாமையும் கூடவே போனது. 1942இல் வெளியான முடிவு இது. மறுவருடம் லாண்ட்ஸ்டைனர் இறந்துபோக, சேஸ் அதே வழியில் தொடர்ந்து, 1945இல் காசநோய் டியூபர்குலின் எதிர்வினையையும் அணுக்கள் வழியே மாற்றிக் காட்டினார். அதுவரை எதிர்ப்பாற்றல் என்றால் சீரத்தில் இருக்கும் ஆன்டிபாடி என்றே பலரும் நம்பியிருந்தனர். அந்த அணுக்கள் டி அணுக்கள் என்று பின்னர்தான் தெரிந்தது. அவை பட்ட இடத்தில் திரண்டு வர எடுக்கும் நேரம்தான் அந்தத் தாமதம்.

முந்திரிப் பருப்பைத் தின்று நிமிடங்களில் மூச்சு முட்டுவது இதோடு சேராது. அது பருப்பின் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ ஆன்டிபாடியின் வேலை. மரம் ஒன்று, ஒவ்வாமை இரண்டு.

தோட்டெண்ணெயின் உறவினர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. அமெரிக்காவின் பாய்சன் ஐவி, ஜப்பானிய அரக்கு மரம், நம்மூர் சேங்கொட்டை, மாங்காய்ப் பால் எல்லாம் ஒரே குடும்பம். இரண்டாம் உலகப்போரில் இந்தியா வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, வண்ணார் துணியில் சேங்கொட்டைச் சாறால் குறியிட்ட இடத்தில் தோல் அரித்துக் கொப்பளித்தது. 1943இல் அவர்களுடைய மருத்துவர்கள் அதை எழுதினார்கள். 1982இல் பென்சில்வேனியாவில் சிறுவர் பேஸ்பால் குழு நிதிக்காக விற்ற முந்திரியில் தோட்டுத் துணுக்கு கலந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. மறுவருடமே அரசின் நோய்க் கண்காணிப்பு அறிக்கையில் ஏறியது. இந்தியாவில் பஸ்ரிச்சாவும் சி. ஆர். சீனிவாஸும் சகாக்களும் முந்திரித் தோட்டெண்ணெய் ஒவ்வாமை பற்றி 1988இல் எழுதினார்கள்.

அதே எண்ணெயைப் பணமாக்கும் ஆராய்ச்சி வெகு முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. அமெரிக்க வேதியியலாளர் மார்டிமர் ஹார்வி இரு உலகப்போர்களுக்கு இடையிலேயே அதிலிருந்து பிசின்கள் செய்து காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டியின் பிரேக் லைனிங்கில் அது இன்றும் உண்டு.

இப்போது பல ஆலைகளில் வறுப்பதற்குப் பதில் ஆவியில் வேகவைக்கிறார்கள். புகை போயிற்று. ஆனால் அந்தச் சூட்டில் அனகார்டிக் அமிலம் பெரும்பாலும் மாறுவதில்லை. காலால் மிதித்து வெட்டும் கத்தியில் பிளக்கும்போது பச்சை எண்ணெயே கையில் வழியும். கையுறை போட்டால் விரலுக்குப் பிடி கிடைக்காது, முழுப்பருப்பு உடையும். கூலியோ எடைக்கணக்கு.