மெழுகு வாங்கிக் கொடுத்த நிலம்

போன மாசம் ஒரு சனிக்கிழமை ஈஞ்சம்பாக்கம் போயிருந்தேன், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் இருக்கும் தற்காலக் கலை அருங்காட்சியகத்தைப் பார்க்க. கூட வந்த நண்பர் வங்கி ஊழியர். கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியம் ஒன்றின் முன்னால் நின்று, "இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

ஒண்ணும் எழுதியிருக்கவில்லை. எழுத்து மாதிரி கிறுக்கல், கட்டம், கணக்குக்குறி. 1960களில் பணிக்கர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை முழுக்க இப்படித்தான் இருக்கும். "ஜோசியர் நோட்டு மாதிரி இருக்கே" என்றார். தப்பே இல்லை, ஜாதகக் கட்டங்களின் சாயலை பணிக்கர் தெரிந்தேதான் கொண்டுவந்தார்.

அடுத்து கேட்டாரே, அதுதான் சரியான கேள்வி: "இதை வரைஞ்சுட்டு எப்படிங்க சாப்பிட்டாங்க?"

அதற்குப் பதில் சொல்ல சென்னை ஓவியப் பள்ளிக்குப் போகணும். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் அதைத் தொடங்கியபோது நோக்கம் கைவினைத் தொழில்தான். மேதைகளை உருவாக்கும் எண்ணமெல்லாம் யாருக்கும் கிடையாது. பிற்பாடு முதல் இந்திய முதல்வராக வந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நாம் தினம் கடந்துபோகும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. 1957இல் பணிக்கர் முதல்வரானார்.

மாணவர்கள் நன்றாக வரைந்தார்கள். வாங்கத்தான் ஆளில்லை. படித்து முடித்ததும் ஏதாவது வேலைக்குப் போய்விடுவார்கள். சிறுபத்திரிகை அட்டைகள் வழியாக நமக்குத் தெரிந்த ஆதிமூலமே நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்தான். வேலைக்குப் போன எல்லோரும் அவரைப் போலத் தொடர்ந்து வரையவில்லை.

பணிக்கர் சொன்ன வழி ரொம்ப எளிது. கொஞ்ச நேரம் கைவினை செய்து வயிற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், மிச்ச நேரம் யாருக்கும் பதில் சொல்லாமல் வரையுங்கள். அப்போது கை கொடுத்தது பாத்திக். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு விரிசல் விட்ட இடத்தில் மட்டும் நரம்பு மாதிரி மெல்லிய கோடுகள் விழும். கடைசியில் சூடுபடுத்தி மெழுகை எடுத்துவிடுவார்கள். ஓவியத்துக்குக் காசு தராத அதே ஊர் இந்தத் துணியை வாங்கியது. அந்தக் காசில் வாங்கியதுதான் இந்த நிலம். வருஷம் 1966. இன்றைய ஈசிஆர் அப்போது இல்லை. மணல்தான்.

கலை வரலாற்றுக் கட்டுரைகளில் பாத்திக்குக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிசு. நிதி திரட்டினார்கள், அவ்வளவுதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. புரவலர், அரசு மானியம், கேலரி என்று எதற்காகவும் காத்திருக்காமல், கீழ்த்தரம் என்று ஒதுக்கப்பட்ட கைவேலையை வைத்தே நேரத்தையும் இடத்தையும் சம்பாதித்திருக்கிறார்கள். யாருக்கும் புரியாத எழுத்தைத் தைரியமாக வரையும் சுதந்திரம் அங்கே மலிவாகக் கிடைத்துவிடவில்லை. இந்த அருங்காட்சியகம் வந்ததே 2009இல்தான். பணிக்கர் 1977லேயே போய்விட்டார்.

இதையெல்லாம் நண்பரிடம் சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன். அவர் சுற்றிலும் மரங்களைப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து, ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு கிரவுண்ட் இன்னிக்கு என்ன விலை என்று தேட ஆரம்பித்தார்.