மாற்றுத்திறன் சிறாரும் விளையாட்டுத் திடலும்

உடல் ஊனமுற்றோருக்கு விளையாட்டையே மருத்துவமாக்கியவர் மருத்துவர் லுட்விக் குட்மன். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டு அடிபட்ட படைவீரர்களுக்குச் சக்கர நாற்காலியிலேயே பயிற்சி அளித்தார். 1948 சூலை 29 அன்று, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அங்கு 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதன் வளர்ச்சியே 1960இல் உரோமில் நடந்த முதல் பாராலிம்பிக்.

தமிழ்நாட்டில் இதற்குச் சிறந்த சான்று ஒரு சிற்றூர்ப் பள்ளித் திடலே. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் 1995இல் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து செல்லும்போது பேருந்து ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அவரை ஓரமாக உட்கார வைக்கவில்லை. உயரம் தாண்டத் தூண்டினார். 14 வயதில், ஊனமில்லாத மாணவர்களுடனேயே போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார் (அந்த ஆசிரியரின் பங்கு பதக்கச் செய்திகளில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது). பின்னர் பெங்களூருவில் சத்தியநாராயணாவிடம் பயிற்சி பெற்றார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளியும் பாரிசில் வெண்கலமும் பெற்றார்.

விளையாட்டுப் பாடவேளையில் இத்தகைய பிள்ளைகளை வகுப்பறையில் பைகளுக்குக் காவலாக விட்டுச்செல்லும் வழக்கம் இன்னும் மறையவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு ஏற்பு பெற்ற கல்வி நிறுவனங்களில் அவர்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமான விளையாட்டு வாய்ப்பு தரப்பட வேண்டும் என்கிறது. சென்னைப் பள்ளிகளைப் போலவே உத்தனப்பள்ளிப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.